மலை மிதிவண்டி இருக்கைத் தண்டு

மலை மிதிவண்டி இருக்கைத் தண்டு என்பது மலை மிதிவண்டியின் இருக்கையைச் சட்டகத்துடன் இணைக்கும் குழாய் வடிவ உறுப்பாகும். கடைகளில் இது சீட் போஸ்ட் என அழைக்கப்படுகின்றது. இதன் மேல்முனையில் இருக்கையைப் பற்றிக்கொள்ளும் கவ்வி உண்டு. கீழ்ப்பகுதி சட்டகத்தின் இருக்கைக் குழாயினுள் செருகப்பட்டு, குழாயின் வாயிலுள்ள வளையத்தால் இறுக்கப்படுகின்றது.

பழைய தண்டு வளைந்தாலோ, அதில் விரிசல் தோன்றினாலோ, ஓட்டுநரின் உயரத்திற்கு அது போதாவிட்டாலோ மாற்றுத் தண்டு தேவைப்படும். மாற்றுத் தண்டைத் தெரிவு செய்யும்போது பொருள், எடை, வடிவம், விலை எனப் பலவற்றைக் கருத்திற் கொள்ளலாம். ஆயினும் விட்டம், செருகல் ஆழம் ஆகிய இரண்டும் ஓட்டுநரின் விருப்பத்திற்கு உட்பட்டவை அல்ல. அவற்றைச் சட்டகமே முடிவு செய்கின்றது. இவ்விரண்டில் பிழை நேர்ந்தால் ஓட்டத்தின் நடுவே தண்டு முறியலாம், அல்லது சட்டகத்தின் குழாய் பிளக்கலாம். முறிந்த தண்டை எளிதில் மாற்றலாம். பிளந்த சட்டகத்தை மாற்றுவது ஏறத்தாழப் புதிய வண்டி வாங்குவதற்கு ஒப்பாகும்.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் மாவட்டத்தில் உருப்பெற்றது. டமல்பாயிஸ் மலையின் சுற்றுப்புறங்களில் இளைஞர்கள் பழைய தடித்த சக்கர மிதிவண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதைகளில் இறங்கினர். ரீபேக் எனப்படும் இறக்கப் பந்தயம் முதன்முதலில் 1976 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடைபெற்றது. இப்பந்தயங்களில் கலந்துகொண்ட சோ பிரீசு, 1977-78 இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டகங்களை வடிவமைத்துக் கட்டினார்.

மலைப்பாதை, இருக்கைத் தண்டின் முன் ஒரு புதிய தேவையை வைத்தது. ஏற்றத்தில் கால் முழுமையாக நீண்டு மிதிக்க இருக்கை உயரமாக இருத்தல் வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுநர் உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்த வேண்டியிருப்பதால் இருக்கை தாழ்ந்திருத்தல் வேண்டும். எனவே கருவியின்றிக் கையால் திறக்கும் நெம்பு கொண்ட வளையங்கள் மலை மிதிவண்டிகளில் பரவின. சோ பிரீசும் சாசு ஏஞ்சலும் 1984 இல் ஐட்-ரைட் என்ற சுருள்வில்லை உருவாக்கினர். நெம்பைத் திறந்து உடல் எடையால் அழுத்தினால் இருக்கை தாழும். எடையை நீக்கினால் வில் அதனை மீண்டும் பழைய உயரத்திற்குத் தூக்கும். இன்று பரவலாக உள்ள உயரம் மாறும் தண்டுகளுக்கு இது முன்னோடியாகும்.

விட்டம்

அளவுகளின் தோற்றம்

இருக்கைத் தண்டுகள் பல்வேறு விட்டங்களில் கிடைக்கின்றன. மலை மிதிவண்டிகளில் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் ஆகிய மூன்றும் பரவலானவை. அண்மைக்காலச் சட்டகங்கள் சிலவற்றில் 34.9 மி.மீ. அளவும் உண்டு. பழைய உருக்குச் சட்டகங்களில் 26.4, 26.6, 26.8 மி.மீ. போன்ற அளவுகளைக் காணலாம்.

இவ்வளவுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. உருக்குச் சட்டகங்களின் இருக்கைக் குழாய் நெடுங்காலமாக 28.6 மி.மீ. வெளிவிட்டம் கொண்டதாக இருந்தது. இது ஒன்றே கால் அரைக்கால் என்பது போன்ற அங்குலப் பின்ன அளவுகளில் ஒன்றான 1 1/8 அங்குலமாகும். வெளிவிட்டம் மாறாமல் சுவரின் தடிப்பு மட்டும் 0.1 மி.மீ. கூடினால், இரு பக்கமும் சேர்த்து உள்விட்டம் 0.2 மி.மீ. குறையும். சுமார் 0.7 மி.மீ. தடிப்புள்ள மெல்லிய சுவருக்கு 27.2 மி.மீ. தண்டும், சுமார் 1.0 மி.மீ. தடிப்புள்ள சுவருக்கு 26.6 மி.மீ. தண்டும் பொருந்தும். உயர்தர உருக்குச் சட்டகங்களில் சுவர் மெல்லியதாக இருந்ததால் அவை பெரும்பாலும் பெரிய தண்டையே ஏற்றன. அலுமினியச் சட்டகங்கள் பெருகியபோது குழாய்கள் பருத்தன, அவற்றுடன் 30.9, 31.6 ஆகிய அளவுகளும் பரவின.

அளத்தல்

0.2 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் விளைவு பெரிது. தண்டு சிறுத்திருந்தால் குழாயின் வாய் அதனைச் சுற்றிலும் சீராகப் பற்றாது. வளையத்தை அளவுக்கு மீறி இறுக்க நேரிடும். அவ்வாறு இறுக்கினாலும் தண்டு மெல்லக் கீழிறங்கும். காலப்போக்கில் குழாயின் வாய் நசுங்கி, அதன் வெட்டுப் பிளவின் அடியிலிருந்து விரிசல் தொடங்கும். தண்டு பருத்திருந்தால் அது நுழையாது. அதனைத் தட்டி நுழைக்க முயன்றால் சட்டகம் சேதமடையும்.

எனவே விட்டத்தைப் பின்வரும் வரிசையில் உறுதி செய்தல் நன்று:

1. பழைய தண்டை வெளியே எடுத்து, அதில் பொறிக்கப்பட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். இது பொதுவாகக் கீழ்முனையிலோ, செருகல் அடையாளக் கோட்டின் அருகிலோ இருக்கும்.
2. எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவியால் தண்டை அளக்க வேண்டும். தேய்ந்த இடத்தையோ கீறல் விழுந்த இடத்தையோ தவிர்த்து, இரண்டு மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளத்தல் வேண்டும்.
3. பழைய தண்டே தவறான அளவாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், சட்டக உற்பத்தியாளரின் விவரக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

குழாயின் வாயை மட்டும் அளந்து முடிவு செய்வது பிழைக்கு இடமளிக்கும். வளையத்தின் இறுக்கத்தால் அவ்விடம் பெரும்பாலும் வட்டம் குலைந்து சுருங்கியிருக்கும். அமெரிக்க மிதிவண்டித் தொழில்நுட்ப எழுத்தாளரான செல்டன் பிரவுன் (1944–2008) பல்வேறு சட்டகங்களுக்குரிய தண்டு அளவுகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டார். பழைய சட்டகங்களைப் புதுப்பிப்போருக்கு அது பயனுள்ள தொகுப்பாகும்.

வளையத்தின் அளவு

வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் இருக்கைக் குழாயின் வெளிவிட்டத்தைக் குறிக்கும். தண்டின் விட்டத்தை அன்று. எடுத்துக்காட்டாக, 31.6 மி.மீ. தண்டை ஏற்கும் அலுமினியச் சட்டகங்களில் 34.9 மி.மீ. வளையம் இருப்பது வழக்கம். 34.9 மி.மீ. விட்டமுள்ள தண்டுகளும் விற்பனையில் இருப்பதால் வளையத்தின் எண்ணைப் பார்த்துத் தண்டு வாங்குவோர் ஏமாறக்கூடும்.

இடைக்குழல்

குழாய் பெரிதாகவும் கையிலுள்ள தண்டு சிறிதாகவும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோக இடைக்குழல் ஒன்றைச் செருகலாம். 27.2 மி.மீ. தண்டை 30.9 அல்லது 31.6 மி.மீ. குழாயில் பொருத்த இவ்வாறான இடைக்குழல்கள் கிடைக்கின்றன. இடைக்குழல் செருகல் ஆழம் முழுவதையும் தாங்கும் நீளமுள்ளதாக இருத்தல் வேண்டும். தகரத் துண்டைச் சுருட்டிச் செருகுவது இதற்கு ஈடாகாது. அது ஒரு சில இடங்களில் மட்டுமே தண்டைத் தொடும். பருத்த தண்டைச் சிறிய குழாயில் பொருத்த இத்தகைய வழி எதுவும் இல்லை.

நீளமும் செருகல் ஆழமும்

மலை மிதிவண்டிகளுக்கான தண்டுகள் பெரும்பாலும் 350 அல்லது 400 மி.மீ. நீளத்தில் கிடைக்கின்றன. நீளம் பொதுவாகத் தண்டின் அடிமுனையிலிருந்து இருக்கைக் கம்பிகள் பற்றப்படும் இடத்தின் நடு வரை கணக்கிடப்படுகின்றது.

ஒவ்வொரு தண்டிலும் குறைந்த அளவுச் செருகல் ஆழத்தைக் காட்டும் கோடு இருக்கும். இக்கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது. மிதிவண்டிப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சீர்தரமான ஐ.எசு.ஓ. 4210 இவ்வடையாளத்தைக் கட்டாயமாக்குகின்றது. அதே சீர்தரத்தின் 9 ஆம் பகுதி இருக்கை, இருக்கைத் தண்டு ஆகியவற்றின் சோதனை முறைகளை விவரிக்கின்றது.

தண்டிலுள்ள கோடு தண்டின் பாதுகாப்பை மட்டுமே கருதி இடப்பட்டது. சட்டகத்தின் தேவை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பல சட்டகங்களில் மேற்குழாய் வந்து இணையும் இடத்திற்கு மேலே இருக்கைக் குழாய் நீண்டு நிற்கின்றது. தண்டின் அடிமுனை அவ்விணைப்பையும் கடந்து கீழே செல்லாவிடில், தாங்கலின்றி நிற்கும் அக்குழாய்த் துண்டு முழுச் சுமையையும் ஏற்க நேரிடும். உற்பத்தியாளர் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும். தண்டின் கோடு, சட்டகத்தின் அளவு ஆகிய இரண்டில் எது பெரிதோ அதுவே செல்லுபடியாகும்.

விசைகளின் கணக்கு

செருகல் ஆழம் ஏன் முதன்மையானது என்பதை எளிய கணக்கு ஒன்றினால் விளக்கலாம். 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 800 நியூட்டன் ஆகும். அவ்வெடை முழுவதும் இருக்கையின் மீது தங்குவதாகவும், இருக்கைக் குழாய் கிடைத்தளத்துடன் 73 பாகைக் கோணத்தில் இருப்பதாகவும் கொள்வோம். அவ்விசையில் தண்டுக்குச் செங்குத்தான கூறு சுமார் 234 நியூட்டன். தண்டு குழாய்க்கு வெளியே 250 மி.மீ. நீண்டிருந்தால், குழாயின் வாயில் உண்டாகும் திருப்புத்திறன் 234 × 0.25 = 58.5 நியூட்டன் மீட்டர் ஆகும்.

இத்திருப்புத்திறனைச் சமன் செய்வது குழாயின் உட்சுவர். மேலே பின்புறச் சுவர் தண்டை முன்னோக்கியும், கீழே முன்புறச் சுவர் அதனைப் பின்னோக்கியும் தள்ளுகின்றன. செருகல் ஆழம் 100 மி.மீ. எனில் இவ்விணை விசைகள் ஒவ்வொன்றும் சுமார் 585 நியூட்டன் ஆகும். ஆழம் 50 மி.மீ. ஆகக் குறைந்தால் அவை சுமார் 1170 நியூட்டனாக உயரும். அதாவது ஆழம் பாதியானால் குழாய்ச் சுவரின் மீதான விசை இரட்டிப்பாகின்றது. இது அசையாமல் அமர்ந்திருக்கும் நிலைக்கான கணக்கு மட்டுமே. கல்லிலோ வேரிலோ சக்கரம் மோதும்போது விசை இதனைப் பலமுறை மிஞ்சும்.

தேவையான நீளத்தைக் கணித்தல்

ஓட்டுநருக்கு ஏற்ற இருக்கை உயரத்தில், குழாயின் வாயிலிருந்து இருக்கைக் கம்பி வரையுள்ள தொலைவை அளக்க வேண்டும். அதனுடன் தேவையான செருகல் ஆழத்தைக் கூட்டினால் தண்டின் குறைந்த அளவு நீளம் கிடைக்கும். வெளியே 220 மி.மீ. தேவை, செருகல் ஆழம் 100 மி.மீ. எனில் மொத்தம் 320 மி.மீ.; 350 மி.மீ. தண்டு போதுமானது. வெளியே 270 மி.மீ. தேவையெனில் மொத்தம் 370 மி.மீ.; 400 மி.மீ. தண்டே பொருந்தும்.

மிகுந்த நீளமும் எப்போதும் நன்மையன்று. பின்புற அதிர்வு தாங்கியுள்ள சட்டகங்கள் பலவற்றில் இருக்கைக் குழாய் நடுவே வளைந்திருக்கும், அல்லது அதன் குறுக்கே அச்சு ஒன்று செல்லும். அங்கே நீண்ட தண்டு இடையில் தடைபட்டு நிற்கும். தண்டின் அடியை வெட்டிக் குறைத்தால், பொறிக்கப்பட்ட செருகல் கோடு பொருளற்றதாகிவிடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பொருள்

அலுமினியக் கலப்புலோகம்: பெரும்பாலான தண்டுகள் 6061 அல்லது 7075 வகை அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனவை. வெப்பப் பதப்படுத்தப்பட்ட டி6 நிலையில் 6061 இன் நெகிழ்வுத் தகைவு ஏறத்தாழ 275 மெகாபாசுக்கல். 7075 இன் மதிப்பு ஏறத்தாழ 500 மெகாபாசுக்கல். எனவே 7075 தண்டை மெல்லிய சுவருடன் செய்ய இயலும். ஆயினும் இரண்டின் மீள்தன்மைக் குணகமும் ஏறத்தாழ 70 கிகாபாசுக்கலே. ஒரே வடிவிலும் தடிப்பிலும் உள்ள இரு தண்டுகள் ஒரே அளவே வளையும். நிலையாக வளைந்துபோகாமல் தாங்கும் எல்லையே வேறுபடும்.

கரிம இழை: எடை குறைந்தது, பாதையின் சிறு அதிர்வுகளை ஓரளவு உள்வாங்கக்கூடியது. ஆனால் கவ்வியின் மிகை இறுக்கத்தாலும் ஆழ்ந்த கீறலாலும் எளிதில் பழுதடையும். உலோகத்தைப் போல் முதலில் வளைந்து எச்சரிக்காமல் சட்டென முறியக்கூடும்.

தைட்டானியம்: துருப்பிடிக்காது, அலுமினியத்தைவிட அடர்த்தி மிகுந்தது, உருக்கைவிடக் குறைந்தது. விலை உயர்ந்தது.

உருக்கு: உறுதியானது, மலிவானது, எடை மிகுந்தது. இன்று பெரும்பாலும் தொடக்கநிலை வண்டிகளில் மட்டுமே காணப்படுகின்றது.

தண்டு வளையும் அளவு பொருளைவிடப் பரிமாணங்களையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒரே சுவர்த் தடிப்பில், மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் மாறும். எனவே 31.6 மி.மீ. தண்டு 27.2 மி.மீ. தண்டைவிடச் சுமார் 1.57 மடங்கு விறைப்பானது. வளைவு, வெளியே தெரியும் நீளத்தின் மும்மடியைச் சார்ந்தது. 200 மி.மீ. நீளம் 250 மி.மீ. ஆனால் வளைவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மென்மையான ஓட்டத்தை விரும்புவோர் 27.2 மி.மீ. குழாயுள்ள சட்டகங்களை நாடுவதற்கு இதுவே காரணம்.

கவ்வியும் பின்தள்ளலும்

பெரும்பாலான இருக்கைகளின் அடியில் 7 மி.மீ. விட்டமுள்ள இரு உலோகக் கம்பிகள் உண்டு. கரிம இழைக் கம்பிகள் பெரும்பாலும் நீள்வட்டக் குறுக்குவெட்டுக் கொண்டவை; உயரம் கூடியவை. பக்கவாட்டில் பற்றும் கவ்விகளில் இவற்றுக்கெனத் தனிப் பற்றுத்துண்டு தேவைப்படும். இருக்கையையும் தண்டையும் தனித்தனியே வாங்குவோர் இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

ஒற்றைத் திருகாணிக் கவ்வி எளிமையானது. முன்னும் பின்னுமாக இரு திருகாணிகள் கொண்ட கவ்வியில் இருக்கையின் சாய்வை நுண்ணியதாக அமைக்கலாம். பற்களின் பிடிப்பை மட்டும் சாராததால் சாய்வு தானே மாறுவதும் அரிது.

கவ்வியின் நடு, தண்டின் நடுக்கோட்டிலிருந்து பின்னே தள்ளியிருக்கும் தொலைவு பின்தள்ளல் எனப்படும். இது சுழியாகவோ, சுமார் 20 முதல் 25 மி.மீ. வரையிலோ இருக்கும். பின்தள்ளலைக் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் உள்ள தொலைவைச் சரிசெய்யப் பயன்படுத்துவது தவறான வழக்கமாகும். மிதியின் அச்சுக்கு எதிரே முழங்கால் அமையும் இடத்தையே அது மாற்றுகின்றது. தொலைவைச் சரிசெய்யக் கைப்பிடித் தாங்கியை மாற்றுவதே முறை. மாற்றுத் தண்டில் பழைய தண்டின் பின்தள்ளலையே தொடர்வது பாதுகாப்பான தொடக்கமாகும்.

சிறப்பு வகைகள்

அதிர்வு தாங்கும் தண்டு

இவ்வகைத் தண்டினுள் சுருள்வில்லோ மீள்மக் கட்டையோ இருக்கும். தொலைநோக்கிக் குழல் போல் மேலும் கீழும் நகர்வது ஒரு வகை. இணைகர வடிவ இணைப்புக் கரங்களால் பின்னோக்கி அசைவது மற்றொரு வகை. பின்புற அதிர்வு தாங்கி இல்லாத வண்டிகளுக்கு இவை பயன்படும். ஓட்டுநரின் எடைக்கு ஏற்ற வில்லைத் தெரிவு செய்தல் வேண்டும்.

உயரம் மாறும் தண்டு

கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்தி, ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் தண்டு இதுவாகும். 2010 இல் வெளியான ராக்சாக்சு ரிவெர்ப் நீர்ம அழுத்தத்தால் இயங்கியது. 2019 இல் அதன் கம்பியில்லா வடிவம் வெளிவந்தது. கம்பி இழுப்பால் இயங்கும் வகைகளும் பரவலானவை. மலைப்பாதைக்கென உருவான இவ்வுறுப்பு சாலைப் பந்தயத்திலும் இடம்பெற்றது. சுலோவீனிய வீரர் மட்டேய் மொகோரிச் 2022 ஆம் ஆண்டு மிலான்–சான் ரெமோ பந்தயத்தை இத்தகைய தண்டு பொருத்திய வண்டியில் வென்றார்.

இதனைத் தெரிவு செய்வோர் விட்டத்துடன் மேலும் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, நகர்வுத் தொலைவு. குழாயின் வாயிலிருந்து இருக்கைக் கம்பி வரை 200 மி.மீ. இருந்து, தண்டின் நகராத தலைப்பகுதியும் கழுத்தும் 50 மி.மீ. எடுத்துக்கொண்டால், 150 மி.மீ. நகர்வுள்ள தண்டே பொருந்தும். இரண்டாவது, தண்டின் நகராத கீழ்ப்பகுதி முழுவதும் குழாயினுள் தடையின்றி இறங்க வேண்டும். மூன்றாவது, கம்பி சட்டகத்தின் உள்ளே செல்லும் வகையெனில் அதற்கான துளை சட்டகத்தில் இருத்தல் வேண்டும்.

பழைய தண்டை அகற்றல்

அலுமினியத் தண்டு உருக்குச் சட்டகத்தினுள் நெடுங்காலம் அசையாமல் இருந்தால் இறுகிப்போகும். வேறுபட்ட இரு உலோகங்களுக்கிடையே உப்பு கலந்த ஈரம் சேரும்போது மின்வேதி அரிப்பு நிகழ்கின்றது. அலுமினியத்தின் மீது உருவாகும் ஆக்சைடு, உலோகத்தைவிடக் கூடுதல் கன அளவு கொண்டதாகையால் இடைவெளியை அடைத்துவிடும். கரிம இழைத் தண்டும் அலுமினியச் சட்டகமும் சேரும்போதும் இதே நிலை ஏற்படலாம்.

முதலில் வளையத்தை முழுவதும் தளர்த்தி, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். பின்னர் பழைய இருக்கையையே பிடியாகக் கொண்டு தண்டை இருபுறமும் திருக முயலலாம். உருக்கினுள் இறுகிய அலுமினியத்திற்கு அம்மோனியாக் கரைசல் பயன்படும். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே அதனைக் கையாள வேண்டும். அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குவதால் தண்டைக் குளிர்விப்பதும் உதவும். இவற்றால் பயனில்லையெனில் தண்டை அறுத்தெடுக்க நேரிடும். சட்டகத்திற்குத் தீங்கு நேராமலிருக்க அப்பணியைப் பட்டறையில் ஒப்படைத்தல் நன்று.

பொருத்துதல்

குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, வாயில் கூரான பிசிறு இருந்தால் நீக்க வேண்டும். உலோகத் தண்டை உலோகக் குழாயில் பொருத்தும்போது மெல்லிய கிரீசுப் பூச்சு தேவை. தண்டோ சட்டகமோ கரிம இழையால் ஆனதெனில் கிரீசைத் தவிர்த்து, அதற்கென விற்கப்படும் நுண்மணல் கலந்த பசையைப் பூச வேண்டும். குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் நிற்க அது உதவுகின்றது.

வளையத்தின் திருகாணியை அதில் பொறிக்கப்பட்ட முறுக்குவிசைக்கு மேல் இறுக்கக் கூடாது. இது பெரும்பாலும் 4 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். முறுக்குவிசைச் சாவியைப் பயன்படுத்துவது உறுதியான வழியாகும். உரிய இறுக்கத்திலும் தண்டு நழுவினால், மேலும் இறுக்குவதற்கு முன் விட்டத்தை மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை தண்டை வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் பூசிப் பொருத்தினால் அது இறுகிப்போகாது.

மாற்றவேண்டிய அறிகுறிகள்

- தண்டு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருத்தல். வளைந்த அலுமினியத் தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.
- கவ்வியின் அடியிலோ, குழாயின் வாயை ஒட்டிய இடத்திலோ மயிரிழை போன்ற விரிசல். உலோக அயர்ச்சியால் தோன்றும் முறிவுகள் பெரும்பாலும் இவ்விரு இடங்களில் தொடங்குகின்றன.
- கரிம இழைத் தண்டில் நகத்தால் உணரக்கூடிய ஆழமான கீறல், அல்லது தட்டும்போது மந்தமான ஒலி எழும் இடம்.
- துடைத்துப் பூசிய பின்னரும் நீங்காத முனகல் ஒலி.
- சரியான உயரத்தில் செருகல் கோடு வெளியே தெரிதல். தண்டு பழுதின்றி இருந்தாலும் அது அவ்வோட்டுநருக்குக் குட்டையானதே.

இவற்றையும் பார்க்க

- மலை மிதிவண்டி
- மிதிவண்டிச் சட்டகம்
- வெர்னியர் அளவி
- திருப்புத்திறன்
- உலோக அயர்ச்சி
- மின்வேதி அரிப்பு